துணிப்பையோடு வந்தவர்களுக்குத் துணிப்பைப் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கொச்சி நகரத்தின் மேற்குப் பகுதியான மட்டாஞ்சேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தார் நடத்திய சுகாதார வகுப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நோக்கத்தில் மாசு சொல்ல முடியாத நல்ல மனிதர்கள். பள்ளிக்கூடத்து மண்டபம் ஒன்றில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுழன்றுகொண்டிருக்க, பெஞ்சுகளிலும் பாய்களிலுமாக நாற்பது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். இறால் உரிக்கும் கொட்டகைகளிலும் பிறர் வீட்டு அடுக்களைகளிலும் காலை வேலையை முடித்துக்கொண்டு, பிற்பகல் வேலைக்குப் போவதற்கு முன் கிடைத்த ஒரு மணி நேரத்தை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தவர்கள். திரையில் படங்கள் விழுந்தன. கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்லுங்கள் என்றது முதல் படம். ஷவரைத் திறந்துவிடாமல் வாளியில் பிடித்துக் குளியுங்கள் என்றது இரண்டாவது. பக்கத்துத் தெருவுக்குக் காரில் போகாமல் நடந்து போங்கள் என்றது மூன்றாவது. முன்வரிசையில் இருந்த ஒரு முதிய உம்மாவின் மடியில், அரிசிச் சாக்கைக் கிழித்து இரட்டைத் தையல் போட்டுத் தைத்த பை ஒன்று இருந்தது. அதன் காது ஒருமுறை அறுந்து, வேறொரு துணியால் புதுக் காது வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பையைப் பார்த்த பிறகு எனக்குப் பேச நாக்கு எழவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளில் தேநீர் கொடுத்தார்கள். உம்மா குடித்து முடித்தார். கோப்பையைக் குழாயடியில் அலசி, துடைத்து, அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.

அன்று முதல் எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டுவிட்டது. பூமியின் செல்வத்தை அழிக்காமல் சிக்கனமாக ஜீவிப்பது ஒரு வித்தை. நோயின்றி ஆரோக்கியமாக ஜீவிப்பது வேறொரு வித்தை. இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏழைகளின் வாசலில் கொண்டுபோய் இறக்குவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், முதல் வித்தையில் அந்த வாசலுக்கு உள்ளே இருப்பவர்களே ஆசிரியர்கள். இரண்டாவதில் அவர்களுக்குக் குறைவு உண்டு என்பது மெய்தான். ஆனால் அந்தக் குறைவில் பெரும் பங்கு அறிவின் குறைவன்று, குழாயின் குறைவு, கக்கூஸின் குறைவு, ஜன்னலின் குறைவு.

மட்டாஞ்சேரிக்குப் போகிற யாத்ரீகர்கள் பார்க்கிற மட்டாஞ்சேரி ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர் 1555இல் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற மாளிகையும், 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெபாலயமும், அதைச் சுற்றிய தெருவில் பழைய பித்தளைச் சாமான்களை விற்பனைக்கு அடுக்கிய கடைகளும் அதில் அடங்கும். பஜார் ரோட்டில் நடக்கும்போது சுக்கும் மிளகும் கலந்த வாசனை இன்னும் சில பண்டகசாலைகளிலிருந்து வந்து மூக்கைத் தொடும். அங்கிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் நுழைந்தால் வேறு ஊர். கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் உருதுவும் தமிழும் மலையாளமும் ஒரே மதிலின் இருபுறத்தில் பேசப்படுகிற இந்த ஊரில், எதிரே வருபவருக்கு வழி விட வேண்டுமானால் யாருடைய வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்து, அதே அறையின் மூலையில் சமைத்து, அதற்கும் வாடகை கொடுத்து வாழ்கிற குடும்பங்கள் ஏராளம்.

இந்த நெருக்கடி சோம்பலால் வந்ததன்று. துறைமுகத்தின் கூலி வேலைக்காக மக்கள் வந்து குவிந்த ஊர் இது. கப்பலில் சரக்கு இறக்க வேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காலத்தில் இங்கே நடந்த முறைக்குச் 'சாப்பா' என்று பெயர்: கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான்; அடித்துப் பிடித்து, மிதிபட்டு, யார் கையில் வில்லை அகப்பட்டதோ அவனுக்கு அன்று சோறு. இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ ஆழப்படுத்திய துறைமுகமும், அவர் மண் கொட்டித் தூர்த்து எழுப்பிய வில்லிங்டன் தீவும் வணிகத்தை மட்டாஞ்சேரிக் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டன. கன்டெய்னர் பெட்டிகள் வந்த பிறகு முதுகில் மூட்டை சுமப்பவனுக்கு வேலையே இல்லாமற் போயிற்று. 2011இல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தபோது, பழைய கரையில் மிஞ்சியவை பண்டகசாலைகளின் ஓட்டுக்கூரைகளும் அவற்றை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுமே.

அவர்களுக்கு ஆரோக்கியத்தைப் போதிக்கப் புறப்படுகிறவர் முதலில் தண்ணீரின் சரித்திரத்தைக் கற்க வேண்டும். மூன்று புறமும் நீர் சூழ்ந்த இந்த நிலத்தில் கிணறு தோண்டினால் உப்பு. பெரியாற்றின் நன்னீரைப் பாத்திரங்களிலும் படகுகளிலும் நிரப்பிக் கொண்டுவந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. பணம் உள்ளவன் ஆற்று நீர் குடித்தான், இல்லாதவன் குளத்து நீர் குடித்தான். 1914இல் கொச்சி சமஸ்தானம் சொவ்வரையில் நீரேற்று நிலையம் அமைத்து, எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் குழாய் வழியே பெரியாற்றைக் கொண்டுவந்தது. நூறு ஆண்டு கடந்த பிறகும் குழாயின் கடைசி முனையில் இருக்கும் ஊருக்குக் கடைசி முனையின் கதிதான். நள்ளிரவில் சொட்டுகிற குழாய்க்கு எழுந்து குடம் வைக்கிற பெண்ணிடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிறவர், அந்தக் கைகழுவலுக்கு எத்தனை குடம் என்கிற கணக்கையும் கூடவே போட வேண்டாமா?

கெட்ட நீர் இந்தக் கரைக்கு எப்பேர்ப்பட்ட கீர்த்தியைத் தேடிக் கொடுத்தது என்பதை அறிந்தால் தமிழர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். யானைக்கால் வியாதிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்களில் ஒன்று 'கொச்சிக் கால்'. இங்குள்ளவர்கள் அதை மந்து என்பார்கள். மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் சந்ததியை வந்தடைந்த சாபம் இது என்று யாத்ரீகர்கள் பக்தியோடு எழுதி வைத்தார்கள். கொலை எங்கள் ஊரில், வீக்கம் உங்கள் ஊரிலா என்று கேட்க அப்போது யாரும் இல்லை போலும். 1877இல் சீனத்து அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பாட்ரிக் மான்சன், இந்நோயின் புழுவைச் சுமப்பது கொசு என்று கண்டறிந்ததும் சாபம் ஒழிந்தது, கொசு ஒழியவில்லை. பின்னாளில் ஒரு கொசு வகைக்கே அவர் பெயரை வைத்து மான்சோனியா என்றார்கள். அந்த மான்சோனியா தன் விசேஷமான திறமையைக் காட்டியது மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, தென்னையும் குளமும் கயிறுமாக வாழ்கிற சேர்த்தலையில்.

சேர்த்தலையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ஏழைகளுக்கு ஆரோக்கியம் போதிப்பது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்கிற கதை இதுதான். அங்கே வீட்டுக்கு வீடு குளம் உண்டு. குளத்துக்குக் குளம், நீர்மேல் பச்சை ரோஜாவைப் போல் மிதக்கிற ஆகாயத்தாமரை உண்டு. மற்றக் கொசுக்களின் புழுக்கள் மூச்சு விடுவதற்கு நீரின் மேற்பரப்புக்கு வந்து தீர வேண்டும். ஆதலால் எண்ணெய் தெளித்தால் சாகும். மான்சோனியாவின் புழுவோ தன் சுவாசக் குழலை ஆகாயத்தாமரையின் வேரில் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு கீழேயே சுகமாகக் கிடக்கும். மேலே எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் அதற்குச் செய்தியே எட்டாது. செடியை எடுத்துவிட்டால் புழுவும் இல்லை, நோயும் இல்லை. இது பாமரனுக்கும் புரிகிற விஷயம். புரிந்தும் யாரும் எடுக்கவில்லை. அறியாமை என்று வெளியூர் அறிஞர்கள் எழுதியிருக்கக்கூடும். விஷயம் அதுவன்று. அந்தச் செடியை அள்ளித் தென்னைக்கு அடியில் தழையுரமாகப் போடுவது அவர்கள் வழக்கம். உரம் வாங்கக் காசில்லாதவனுக்குக் குளத்தில் தானாக விளைகிற உரம் அது. அவனுடைய நோய்க்கும் அவனுடைய தேங்காய்க்கும் ஒரே வேர்.

புதுச்சேரியில் 1975இல் தோன்றிய நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார், பி.கே. ராஜகோபாலன் இயக்குநராக இருந்த காலத்தில், 1980களின் நடுவில் சேர்த்தலைக்கு வந்தார்கள். வந்தவர்கள் இந்த வேரைக் கண்டுகொண்டார்கள். செடியை எடுங்கள் என்று உபதேசம் செய்வதோடு நில்லாமல், செடி இருந்த இடத்தில் மீன் வளருங்கள் என்றார்கள். பல இனக் கெண்டைகளைச் சேர்த்து வளர்க்கிற முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். அவற்றுள் புல்கெண்டை செடிகளைத் தானே தின்று தீர்க்கும். குளத்தில் மீன் விட்டவன், மீனுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமே என்று தன் குளத்தைத் தானே சுத்தம் செய்தான். செய்யாத அண்டைவீட்டாரை அவனே போய்க் கடிந்துகொண்டான். மீன் விற்ற காசு உரத்துக்கும் ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகளையும் ஊர்ப் பெண்களையும் சேர்த்து 'ஃபில்கோ' என்று ஓர் இயக்கம் அமைந்தது. பிள்ளைகள் வீடு வீடாகக் குளம் எண்ணினார்கள், செடி வாரினார்கள், இரவில் ரத்தப் பரிசோதனைக்கு ஆள் திரட்டினார்கள். புழு இரவில்தான் ரத்தத்தில் உலாவும். ஆகவே டாக்டர் இரவில்தான் வர வேண்டும். இரவில் கதவைத் தட்டுகிற அந்நியனுக்குக் கதவு திறக்க வேண்டுமானால் கூடவே பக்கத்து வீட்டுப் பையன் நிற்க வேண்டும். இந்தக் கடைசிச் சூட்சுமத்தை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டுக்காரரே ஆசிரியர் என்கிற இந்தத் தத்துவம், சேர்த்தலை இருக்கிற அதே ஆலப்புழை ஜில்லாவில் இன்னொரு வடிவமும் எடுத்தது. 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரத்தில், யூனிசெஃப் உதவியோடு, ஏழை யார் என்று கணக்கெடுக்க ஒரு புதிய வழியைப் பரிசோதித்தார்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் மெய் சொல்வதில்லை, சொல்லத் தெரிவதுமில்லை. அதற்குப் பதிலாக ஒன்பது கேள்விகள் வைத்தார்கள். வீடு ஓலை வீடா? நல்ல குடிநீர் இல்லையா? கக்கூஸ் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் உண்டா? சம்பாதிப்பவர் ஒருவருக்கு மேல் இல்லையா? இரண்டு வேளைச் சோற்றுக்கே கஷ்டமா? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உண்டா? குடிகாரர் உண்டா? தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பமா? ஒன்பதில் நான்குக்கு 'ஆம்' என்றால் அது அபாயத்தில் இருக்கிற குடும்பம். இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டறிய அதிகாரி தேவையில்லை. எந்த வீட்டில் கக்கூஸ் இல்லை என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாயி தொடங்கி வைத்த குடும்பஸ்ரீ இந்த விதையிலிருந்து முளைத்த மரம். பத்து இருபது பெண்கள் சேர்ந்த 'அயல்கூட்டம்' அதன் அடிவேர். இன்று 40 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். சீட்டுக் கட்டவும் கடன் வாங்கவும் கூடுகிற கூட்டத்தில், யார் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்கிற பேச்சும் வந்துவிடுகிறது. தனியாக ஆரோக்கிய வகுப்பு என்று பலகை மாட்ட வேண்டியதில்லை.

மட்டாஞ்சேரி அடங்கிய எர்ணாகுளம் ஜில்லா 1990 பிப்ரவரி 4 அன்று இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லாவாக அறிவிக்கப்பட்டதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த எழுத்தறிவு இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி மூக்குக் கண்ணாடி. கிழவர்களும் கிழவிகளும் எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று வகுப்பை விட்டு நழுவத் தொடங்கியபோது, குறை மண்டையில் இல்லை, கண்ணில் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியது. கண் பரிசோதனை முகாம்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் திரட்டிக் கொடுக்கப்பட்டன. எழுத்து தானாக ஏறிற்று.

அந்த இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1962இல் கோழிக்கோட்டில் விஞ்ஞான எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கம். மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவதில் ஆரம்பித்து, அடுப்படி வரைக்கும் போனவர்கள். புகையில்லா அடுப்பைப் பரப்பினார்கள். அது 'பரிஷத் அடுப்பு' என்றே பெயர் பெற்றுவிட்டது. அவர்கள் பரப்பிய இன்னொரு சாதனத்தின் பெயரைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை: சூடாறாப்பெட்டி. மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டில் அதை நான் பார்த்தேன். மூடியுள்ள பெட்டி, உள்ளே நான்கு பக்கமும் அடியிலும் தெர்மோகோல், நடுவில் ஒரு பானை பிடிக்கிற அளவுக்குக் குழி. கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசி எளிதில் வேகாது. அடுப்பில் முக்கால் மணி, சில சமயம் ஒரு மணி என்று இழுக்கும். இந்த வீட்டுப் பெண் அரிசியைப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் தளதளவென்று கொதித்ததும், பானையை மூடியோடு தூக்கிப் பெட்டிக்குள் இறக்கி, மேல்மூடியை அழுத்திச் சார்த்தி, அதன் மேல் ஒரு பழைய தலையணையையும் வைத்துவிட்டு, தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாள். தலையணை பரிஷத்தின் கண்டுபிடிப்பு அன்று, அவளுடையது. பெட்டியின் விளிம்பில் ஓர் இடத்தில் தெர்மோகோல் உடைந்து ஆவி கசிகிறதாம், அதற்காக. பகலில் திரும்பி வந்து திறந்தபோது சோறு மலர்ந்து, கையில் பட்டால் சுடுகிற பக்குவத்தில் இருந்தது. எரிவாயு மிச்சம் என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போக முடிகிறது, வீட்டில் குழந்தை தனியாக இருந்தாலும் பயமில்லை என்பதே அவளுக்குப் பெட்டியின் பெருமை. பூமியின் உஷ்ணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், காயலுக்கு நடுவே இருக்கும் கும்பளங்கி, 2022 ஜனவரி 13 அன்று இந்தியாவிலேயே சானிட்டரி நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்களுக்கு மாதவிடாய்க் கோப்பைகள் கொடுத்தார்கள். அதற்கு முன்னோடியாக ஆலப்புழை நகராட்சியில் எச்.எல்.எல். நிறுவனம் 'திங்கள்' என்ற பெயரில் இதே காரியத்தைச் செய்திருந்தது. கேரளத்தை முக்கிய வெள்ளப் பிரளயத்துக்குப் பிறகு, நிவாரண முகாம்களில் குவிந்த நாப்கின் குப்பையை எங்கே புதைப்பது, எங்கே எரிப்பது என்று திகைத்த அனுபவம் அதற்குப் பின்னே இருந்தது. பழைய தலைமுறை ஆண்களாகிய நாங்கள் வாய் திறந்து பேசக் கூசுகிற விஷயம். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இதில் பெட்டி பெட்டியாகப் பொருளைக் கொடுப்பது எளிது. ஒரு கைக்குள் அடங்குகிற அந்தக் கோப்பையை உபயோகிக்கும் தைரியத்தைக் கொடுப்பது கடினம். அதற்கு மேடைப் பிரசங்கம் உதவாது. ஏற்கெனவே உபயோகித்துப் பழகிய சேச்சி ஒருத்தி, அரிசி களைகிற நேரத்தில் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும், கொதிக்க வைத்துக் கழுவ நல்ல தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும் வேண்டும். பேச்சு மறுபடியும் குழாயடியில் வந்து நிற்கிறது.

குப்பையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை; கொச்சிக்காரர்கள் அதைப் பற்றி மூச்சு முட்டப் பேசிவிட்டார்கள், மெய்யாகவே மூச்சு முட்ட. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரத்துக் குப்பைமேட்டில் பற்றிய தீ, பன்னிரண்டு நாட்களுக்கு நகரத்தைப் புகையில் மூழ்கடித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த மேட்டில் குவிந்திருந்த பிளாஸ்டிக்கில் அரிசிச் சாக்குப் பையோடு வந்த உம்மாவின் பங்கு எத்தனை கிராம் இருக்கும்? இன்று வீடு வீடாக வந்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிற ஹரித கர்ம சேனைப் பெண்கள், அந்த உம்மாவின் தெருவிலிருந்தே புறப்படுகிறவர்கள். மாடி வீட்டுக்காரர்களுக்கு 'பாலுறையைக் கழுவாமல் கொடுத்தால் புழு வைக்கும்' என்று பாடம் சொல்வதும் அவர்கள் பாடு. யார் யாருக்கு ஆசிரியர் என்பது இந்த இடத்தில் தலைகீழாகிவிடுவதை என் நண்பர் ஒருவர் ரசிக்கவில்லை. அவர் மாடி வீட்டுக்காரர்.

ஃபோர்ட் கொச்சியில் கல்வத்திக்கு அருகே துருத்தியில், குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் இருந்த 394 குடும்பங்களுக்காக எழுந்த இரட்டைக் கோபுரக் குடியிருப்பு, பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஜன்னல் உண்டு, தனிக் கக்கூஸ் உண்டு, தாழ்ப்பாள் உண்டு. இது நூறு ஆரோக்கிய வகுப்புகளுக்குச் சமானம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், வாசற்படியில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டே நடந்த அயல்கூட்டம் பத்தாவது மாடியில் எந்தப் படியில் கூடும் என்று எனக்கு ஒரு கவலை. இது தேவையற்ற கவலை என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் மகிழ்வேன்.

இனி வேலிக்குப் போக வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் வேலி என்று ஓர் இடம், அங்கே தோபிகானா. உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது தமிழ், மலையாளம் ஊறிய தமிழ். டச்சுக்காரர் தங்கள் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த வண்ணார்களின் சந்ததியார் இவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. டச்சுக்காரர் 1663இல் கொச்சியைப் பிடித்து 1795இல் இழந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்து போனார்கள். வெளுப்பவர்கள் மட்டும் போகவில்லை. முன்பு குளங்களில் துவைத்தார்கள். 1976இல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையத்தார் தனித்தனித் தொட்டிகளும் துவைகல்லும் வைத்துக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள்.

இங்கே உலர்த்துவதற்குச் சூரியன். கஞ்சி போடுவதற்கு அரிசி வடித்த நீர். தேய்ப்பதற்குப் பல பேரிடம் இன்னும் கரிப் பெட்டி. உலகத்து மாநாடுகளில் எதை எதையெல்லாம் விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுகிறார்களோ அவற்றில் முக்காலும் இவர்கள் கையில் எடுத்ததே இல்லை. இதைப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். தொட்டிக்குள் முழங்கால் அளவு நீரில் ஆண்டுக்கணக்காக நின்ற கால்களை நான் பார்த்தேன்: விரலிடுக்கு வெளுத்து, பாதம் வெடித்து, ஒரு பெரியவருக்கு முழங்கால் மடங்கவில்லை. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றார் அவர். வருத்தமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பூமிக்கு ஒரு தீங்கும் செய்யாத ஜீவனம் அவருடைய காலுக்குத் தீங்கு செய்திருக்கிறது. இவருக்கு யாராவது போதிக்க வந்தால், சிக்கனத்தைப் பற்றி வாய் திறக்காமல், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸோடும் ஒரு தோல் டாக்டரோடும் வரட்டும்.

உலர்த்துகிற வெளியில் வரிசை வரிசையாகக் கயிறு. அதில் கிளிப் கிடையாது, ஊசி கிடையாது. இரண்டு புரி முறுக்கிய கயிறு, அந்த முறுக்கின் இடுக்கிலேயே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறப்பதில்லை. காற்று இழுக்க இழுக்க முறுக்கு இறுகுகிறது. நானும் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு வேட்டியை என் கையில் கொடுத்தார். முனையைக் கயிற்றின் மேல் போட்டு உள்ளே திணித்தேன். கையை எடுத்ததும் சரிந்து வந்துவிட்டது. மறுபடி திணித்தேன், மறுபடி வந்தது.

"அப்படி இல்ல சாரே. துணியை இழுக்காதீங்க. கயிறை முறுக்குக்கு எதிரா ஒரு சுத்துத் திருப்புங்க, அது தானா வாயைத் திறக்கும்" என்றார்.

திருப்பினேன். திறந்தது. வேட்டியின் முனையை உள்ளே வைத்துக் கயிற்றை விட்டேன். கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. வேட்டி புடைத்து எழும்பியது. ஒரு முனை நின்றது. நான் செருக மறந்த இன்னொரு முனை என் முகத்தில் வந்து ஈரமாக அடித்தது.